பாலசமுத்திரத்துக்குப் போன ரம்பம்

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்புள்ள அப்பு விக்னேஷ்குமாருக்கு,

நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், நீயும் ஜீவிதாவும் துபாயில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கிக்கொண்டு போகிற மேசை ரம்பம் ஒன்றை உன் மாமனாருக்கு வாங்கிக் கொடுத்தாய், யாரும் சொல்லித்தராமல் தானே பழகி முப்பது வருஷமாக மரம் அறுக்கிற என்னிடம் எதை வாங்கலாம் என்றுகூடக் கேட்கவில்லை. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

"உனக்கு எதுக்கும்மா, உன்னோடதுதான் நல்லா ஓடுதே" என்று சொன்னாய். அது தானாகவா ஓடுகிறது? பலகைக்கு அடியில் கட்டர் மெஷினைத் தலைகீழாக மாட்டி நானே செய்த மேசை அது. மோட்டாருக்குள் இருக்கிற கார்பன் கட்டை தேய்ந்தால் நான்தான் மாற்றுகிறேன், பேரிங் கத்தினால் நான்தான் கழற்றுகிறேன், பிளேடுக்குச் சாணை பிடிப்பதும் நான்தான். பழசைச் சாகவிடாமல் வைத்திருந்தது என் குற்றம் போலிருக்கிறது, உடைத்துப் போட்டிருந்தால் எனக்கும் புதுசு வந்திருக்கும். அந்த மேசையை நகர்த்த முடியாமல், சாணார்பட்டியில் ஒரு கதவு வேலை வந்தால்கூடப் பலகைகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கும் அங்கேயுமாக அலைகிறேன். உன் மாமனார் மதியழகன் தென்னந்தோப்பைத் தாண்டாதவர், பொழுது போகாமல் புறாக்கூண்டு செய்கிறவர். அவருக்கு மடக்குக் கால் வைத்த மெஷின். தூக்கிக்கொண்டு போகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குத்தானே கொடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் பாலசமுத்திரத்தில் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது உங்கப்பா "சம்பந்தியப் பாக்கப் போறியா, மெசினுக்குக் கண்ணு வைக்கப் போறியா" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அங்கே பட்டுத்துணி போர்த்தி நடுவீட்டில் வைத்திருக்கிறார்கள், உன் கல்யாணப் போட்டோவுக்குக்கூட அந்த மரியாதை இல்லை. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். என்னவென்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார், பலகை அறுக்கும்போது அது எகிறி வந்து வயிற்றில் அடித்திருக்கிறது, ஜீவிதா பயப்படுவாள் என்று அவளிடம் மறைத்திருக்கிறார். "ஏனுங்க சம்பந்தியம்மா, அந்தக் கைடுதானுங்க இடைஞ்சல், அதைக் கழட்டிப்போட்டுட்டு கையிலயே தள்ளிக்கலாம்னு இருக்கறனுங்க" என்றார். கழற்றவே கூடாது என்று கத்தினேன். கைடு என்பது பலகையை நேராகப் போகவைக்கிற சட்டம், அது இல்லாமல் கையால் தள்ளினால் பலகை கொஞ்சம் கோணினாலும் விரல் போய்விடும்.

துணியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம். கண்ட இடத்திலெல்லாம் பொட்டு, கைடு வந்து உட்காருகிற கம்பியிலும் ஒன்று. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று விட்டிருக்கிறார், அது காய்ந்து கல்லாகிவிட்டது. கைடு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, பின்முனை பிளேடு பக்கமாகச் சாய்ந்து பலகையை நெருக்கியிருக்கிறது, நெருக்கினால் பிளேடு திருப்பி எறியத்தான் செய்யும். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சுரண்டி எடுத்தேன். பிறகு வேண்டாத கட்டை ஒன்றை அறுத்தேன், நூல் பிடித்த மாதிரி போனது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல மெஷின், அதனால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடிவிட்டது. சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா, "நம்ம மாப்பிள்ளை பாத்து எடுத்ததுங்க, சோடை போகுமுங்களா" என்றார். சுரண்டினது நான், பேர் உனக்கு.

பழனியாண்டவர் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும், வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. இனிமேல் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ இந்தக் கடிதம் படித்ததும் மாமனாருக்குப் போன் போட்டு, கைடைக் கழற்றவே கூடாது என்று சொல்ல வேண்டும், நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், மாப்பிள்ளை சொன்னால் கேட்பார். வயிற்றை டாக்டரிடம் காட்டும்படி ஜீவிதா அவரை விரட்ட வேண்டும். அடுத்த பூஜைக்குச் சம்பந்தி மெஷினின் காலில் மட்டும் பொட்டு வைக்க வேண்டும். பிளேடு மழுங்கினால் கண்ட கடையில் கொடுக்காமல் பஸ்ஸில் போட்டு என்னிடம்தான் அனுப்ப வேண்டும், அதை பஸ் ஸ்டாண்டில் போய் அப்பா வாங்கி வர வேண்டும், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு மெஷின் எதுவும் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பிவிடுவேன். மீறி அனுப்பத்தான் போகிறாய் என்றால், வீடியோவைப் பார்த்து வாங்காமல், எதை வாங்குவது என்று முதலில் என்னைக் கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அய்யம்மாள்.