தையலுக்குள் விட்ட துணி

ஜனவரி 7

தையற்கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் மூன்று பேண்ட்டுகள் பார்சலில் வருகின்றன. மூன்றும் உங்கள் கடையில் தைத்தவை. நான்கு வருடங்களுக்கு முன், உங்கள் மகள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், கடை நிறைய ஆள் இருக்கும்போது என் இடுப்பில் டேப்பைச் சுற்றி, "நாப்பத்தி நாலு! டேப்பு பத்தலடா மூட்டை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினீர்களே, அந்த அளவில் தைத்தவை. அன்று சிரித்தவர்களில் என் துறையில் எனக்கு ஏழு வருடம் இளையவனும் ஒருவன். பிறகு அவனைத்தான் துறைத்தலைவர் ஆக்கினார்கள். நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தக் கல்லூரிக்கு வந்தேன். எதையும் நான் மறக்கவில்லை.

இப்போது என் இடுப்பு முப்பத்தாறு. எடை தொண்ணூற்றெட்டிலிருந்து எழுபத்தெட்டு. அளவுகள் தனித்தாளில் உள்ளன. தையலுக்குள் நீங்கள் விட்டுவைத்திருக்கும் மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டுத் தைத்து அனுப்பவும். இங்குள்ளவர்கள் உங்கள் தையலைப் பிரிக்கத் தெரியாமல் கிழித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். போனில் பேசும் அளவுக்கு மனம் இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
வேதியியல் பேராசிரியர்


ஜனவரி 19

டேய் மூட்டை,

மரியாதை குடுத்தே அடிக்கிறியே! 'அவர்களுக்கு'ன்னு படிச்சதும் எவன் கடைக்கோ வந்த கடிதம்னு திருப்பி வச்சுட்டேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புல எனக்குப் பரீட்சை விடை காட்டின கையெழுத்து ஆச்சே, மறக்குமா?

அன்னைக்குக் கத்தினது தப்புதான். மகள் கல்யாணச் சந்தோஷத்துல வாய் நீண்டு போச்சு. அதுக்கு நாலு வருஷம் பேசாம இருப்பியாடா? மூட்டையைத் தைக்கக் கோணி ஊசிதான் வேணும்னு நீதானே எனக்கு ஊசின்னு பேர் வச்ச? நான் கோவிச்சுக்கிட்டேனா?

எட்டு இஞ்சை அப்படியே பிடிச்சா பின்பாக்கெட் ரெண்டும் மூக்கோட மூக்கு உரசும். முழுசாப் பிரிச்சு, புதுசா வெட்டித் தைச்சிருக்கேன். ஆனா உள்ள மூணு இஞ்ச் துணி விட்டிருக்கேன். கோவப்படாதே. இதுக்கு முன்னாடி மூணு தடவை இளைச்ச நீ. வெள்ளரிக்காயும் சூப்புமா இருந்து ரெண்டு மாசத்துல பத்து கிலோ குறைச்ச, பிடிச்சுத் தைச்சேன். ஆறு மாசத்துல பதினாலு கிலோவைத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன, பிரிச்சு விட்டேன். நான் விட்ட துணிதான் உன் மானத்தைக் காப்பாத்துச்சு.

ஒரு வருஷம் இதே முப்பத்தாறுல நில்லு. அடுத்த ஜனவரி ஏழாம் தேதி வா, நானே கத்திரி வைக்கிறேன். ரெண்டு பேண்ட் அனுப்பியிருக்கேன். சாம்பல் கலர் என்கிட்டயே இருக்கட்டும், சாட்சிக்கு.

உன் ஊசி


பிப்ரவரி 11

ஊசிக்கு,

என்னை நம்பாத முதல் ஆள் நீ இல்லை. வரிசையில் கடைசியில் போய் நில்.

முன்பு நான் செய்தது பட்டினி. இது வேறு. சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் சொன்ன அன்று நான் எதையும் விடவில்லை, சாப்பாட்டின் அளவை மட்டும் குறைத்தேன். தட்டைச் சின்னதாக்கினேன். தட்டில் பாதி காய்கறி. இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். இனிப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் உட்கார்ந்து, ருசித்து. தினமும் நாற்பது நிமிடம் நடை. மழை என்றால் கல்லூரி மாடிப்படி. மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்ததே இல்லை. ஊரில் எவனுக்கும் தெரியாமல், ஒருவரும் பாராட்டாமல், பதினான்கு மாதம். பாராட்டு எனக்குப் பழக்கமில்லை என்பதால் சுலபமாக இருந்தது.

என் மனைவி சொல்கிறாள்: "உடம்பு இளைச்சிருச்சு. கோபம் மட்டும் பழைய சைஸ்லயே இருக்கு, அதையும் அண்ணன்கிட்ட அனுப்பிப் பிடிச்சு வாங்குங்க." உன்னை இன்னும் அண்ணன் என்றுதான் சொல்கிறாள். நான் தடுக்கவில்லை.

பந்தயத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஜனவரி ஏழு.

இப்படிக்கு,
பேராசிரியர்


ஏப்ரல் 23

டேய் மூட்டை,

பதில் போட ரெண்டு மாசம் ஆயிடுச்சு. கல்யாண சீசன், அப்புறம் கொஞ்சம் உடம்பு சரியில்ல. கடையை மத்தியானம் வரைக்கும்தான் திறக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடைக்கு வர்ற தொப்பைக்காரங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். எதிர்க்கடை டீக்காரன் உடனே சின்னக் கிளாஸுக்கு மாறிட்டான், விலை மட்டும் அதே விலை!

ஒரு சிரிப்பு சொல்லட்டுமா? நானும் இளைச்சிருக்கேன். பிறந்ததுல இருந்து ஐம்பத்தெட்டைத் தாண்டாதவன், இப்ப ஐம்பத்தொண்ணு. நடக்கல, மாடி ஏறல, சின்னத் தட்டு எல்லாம் இல்ல. சும்மா உட்கார்ந்த இடத்துலயே. என் பேண்ட்டையே ரெண்டு தடவை பிடிச்சுட்டேன். என் பேண்ட்டுல நான் என்னைக்கும் துணி விட்டது கிடையாது. எனக்கு எதுக்குன்னு இருந்தேன்.

நீ எப்படி இருக்க? முப்பத்தாறுதானே?

உன் ஊசி


மே 6

ஊசிக்கு,

உன் சிரிப்பு எனக்குச் சிரிப்பாக இல்லை. நான் பதினான்கு மாதம் வியர்வை சிந்தி அடைந்ததை நீ உட்கார்ந்த இடத்தில் அடைந்துவிட்டேன் என்று எழுதுகிறாய். என் வாழ்க்கை முழுவதும் இதுதானே? நான் படி ஏறுவேன், இன்னொருவன் தூக்கிவிடப்பட்டு மேலே போவான். போட்டிக்கு வர உனக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?

கடிதத்தைப் படித்த என் மனைவி, "அண்ணன் எழுத்து ஏன் இப்படி வரி இறங்கி இறங்கிப் போகுது? ஒரு போன் பண்ணிப் பாருங்களேன்" என்றாள். அவன் எழுத்து என்றைக்கு நேராகப் போயிற்று, தையல்தான் நேராகப் போகும் என்றேன்.

தேர்வு விடைத்தாள் திருத்தும் மாதம். உட்கார்ந்தே இருந்ததில் இரண்டு கிலோ ஏறி, தட்டைப் பார்த்துக்கொண்டதில் மறுபடி இறங்கியது. முப்பத்தாறுதான்.

பேராசிரியர்


ஆகஸ்ட் 14

மூட்டை,

அன்னைக்கு எழுதினது போட்டிக்கு இல்லடா. விடு.

ஒரு தரம் வந்துட்டுப் போயேன். அளவு எடுக்கணும். ஜனவரி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? பந்தயத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சுக்கலாம். ஒரே ராத்திரி பஸ் பயணம்தானே. உன்னை மெலிஞ்ச உடம்போட நான் பார்த்ததே இல்ல. எந்த அளவுக்கும் தைச்சவன், இந்த அளவை டேப்புல பார்க்க ஆசையா இருக்கு.

தங்கச்சியையும் கூட்டிட்டு வா.

ஊசி


ஆகஸ்ட் 22

டேய் ஊசி,

பார், கடைசியில் என்னை 'டேய்' போட வைத்துவிட்டாய்.

வர மாட்டேன். இப்போது வந்தால் எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். 'நாலு மாசம் பாக்கி இருக்கே' என்று நாளைக்கு நீயே சொல்வாய். எதையும் முழுதாக முடிக்காதவன் என்று என்னை ஒருவனும் சொல்லக்கூடாது.

ஜனவரி ஏழு, காலை பதினொரு மணி. கடை நிறைய ஆள் இருக்கட்டும். டேப்பைச் சுற்றிவிட்டு அன்று கத்தினாயே, அதே குரலில் கத்த வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் உன் கடையில் டீ குடிப்பேன். சர்க்கரை இல்லாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மூட்டை


அக்டோபர் 9

மூட்டை,

சாம்பல் பேண்ட் அனுப்பியிருக்கேன். உள்ள இருந்த மூணு இஞ்சையும் வெட்டிட்டேன்.

வருஷம் முடியலன்னு எனக்கும் தெரியும். உன்னை நம்பி வெட்டினேன்னு வச்சுக்க, அதுவும் பொய் இல்ல. ஆனா நிஜத்தைச் சொல்லிடுறேன். இனிமே உனக்குப் பிரிச்சு விட ஆள் இல்லடா. அதனால இதே அளவுல இரு.

பின் தையல் ஒரு இடத்துல கோணியிருக்கும். என் கால் மிதிக்கல, மகள்தான் மிஷினை மிதிச்சா. துணியை நான் பிடிச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் காட்டாதே.

ஊசி


ஜனவரி 7

டேய் ஊசி,

உன் பார்சல் அக்டோபர் பதினாறாம் தேதி வந்தது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் புரிந்தது. வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஏன் குறைகிறது என்று கேட்காமல் ஏழு கிலோவைப் படித்துவிட்டுப் பொறாமைப்பட்டேன். அன்று ராத்திரியே நாங்கள் கிளம்பினோம். வந்து சேர்ந்தபோது உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

உன் மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "யார் வேணும்?" என்று கேட்டாள். மூட்டை என்றேன். அதன் பிறகுதான் அழுதாள். "மாமா, ஜனவரில உங்க பேரைச் சொல்லிக் கத்தணுமாம், குரலைச் சேர்த்து வைக்கிறேன்னு பேசாமலே இருந்தாரு" என்றாள்.

திரும்பி வந்து மூன்று வாரம் எல்லாவற்றையும் தின்றேன். நடக்கவில்லை. இருட்டியபின் சாப்பிட்டேன், பெரிய தட்டில். பிறகு ஒரு காலையில் கல்லூரிக்குச் சாம்பல் பேண்ட்டை எடுத்தேன். பொத்தான் எட்டவில்லை. பழக்கத்தில் பின் தையலைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே துணி இல்லை. உன் மகள் மிதித்த அந்தக் கோணல் மட்டும் இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று கல்லூரிக்கு லீவு போட்டேன். சாயங்காலம் நடக்கப் போனேன். மறுநாளும் போனேன்.

அந்த இளையவன் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் தூக்கித் திரியும் அளவுக்கு இல்லை. உன்னோடு பேசாத நான்கு வருடத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எட்டாம் மாதம் நீ கூப்பிட்டதையும்.

இன்று காலை பதினொரு மணிக்கு உன் கடைக்கு வந்தேன். பூட்டியிருக்கிறது. உன் மகள் கொடுத்த டேப் சட்டைப்பையில் இருந்தது, முதல் இரண்டு இஞ்ச் எண் தேய்ந்து போன உன் பழைய டேப். சாம்பல் பேண்ட்டைத்தான் போட்டிருந்தேன். கடை வாசலில் நின்று நானே சுற்றிப் பார்த்தேன். பிறகு, உன் குரலில் வராவிட்டாலும், தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"முப்பத்தாறு!"

எதிர்க்கடை டீக்காரன் சின்னக் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். சைக்கிளில் போனவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

யாரும் சிரிக்கவில்லையடா.

இதை உன் கடைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

உன் மூட்டை