மாத்திரை நேரத்து முகம்

அன்பானவளுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

திட்டாமல் படி. போன வருஷக் கடைசியில் எங்கள் தையல் கம்பெனியில் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். எனக்குக் காசநோய் என்றார்கள். பயப்படாதே, இப்போது முழுசாகக் குணமாகிவிட்டது. அறையில் கூட இருப்பவர்களையும் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை. ஆனாலும் என் தம்ளரை மட்டும் இன்னும் தனியாகத்தான் கவிழ்த்து வைக்கிறார்கள்.

மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் எந்த மருந்துக்கும் அடங்காதாம். அதனால் நான் விழுங்குவதைச் சுகாதாரத் துறை நர்ஸம்மா தினமும் போனில் முகம் பார்த்து உறுதி செய்வார்.

“சாப்பிட்டீங்களாண்ணே? சரி, போடுங்க. வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க.”

மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இருக்கும்!

போன் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய்தான். இளைத்துப்போன முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

போன வாரம் நர்ஸம்மா, “இனிமே மாத்திரை வேண்டாம், நல்லா இருங்கண்ணே” என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் அதே நேரத்துக்குப் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

நாடா வைத்த கால்சட்டை இரண்டு அனுப்பு. இடுப்பில் எதுவும் நிற்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீ முகம் பார்த்துக் கூப்பிடு. ஆனால் முன்னாலேயே பாப்பாவுக்குச் சொல்லி வை, அப்பா இப்போது வேறு மாதிரி இருப்பார் என்று. “இது யாரும்மா?” என்று மட்டும் அவள் கேட்டுவிடக் கூடாது.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்