பதில் தேவை

மார்ச் 4, திங்கள்

நான் வந்து உட்காருவதற்குள் கருத்துப் பகுதியில் அடிதடி. வழக்கம்போல பூட்டு கம்பெனிச் செய்திக்குக் கீழேதான். வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் சாவி இல்லாத மின்னணுப் பூட்டு கட்டாயம் என்று நகர நிர்வாகம் சட்டம் கொண்டுவரப் போகிறதாம். 'பிடிக்கவில்லை என்றால் வாங்காதே' கோஷ்டி ஒரு பக்கம். 'என் வீட்டுக் கதவைத் திறக்க நான் எவனைக் கேட்க வேண்டும்' கோஷ்டி இன்னொரு பக்கம். நடுவில் கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு நான். தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் வேலை என்றால் எல்லாரும் என்னவோ நினைக்கிறார்கள். வாசகர் எழுதுவதைப் படித்து, போடலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன், "ஊர்வம்பு வந்தாச்சா?" என்பான். அதுதான் எனக்கு அவன் வைத்த பெயர்.

'மூணாவது ஸ்க்ரூ' இன்றைக்கும் எழுதியிருந்தார். அந்தக் கம்பெனிப் பூட்டின் பின்பக்கம் மூன்றாவது ஸ்க்ரூவின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிழித்தால் உத்தரவாதம் போச்சு. காசு கொடுத்து வாங்கினது நான், கழற்றக் கூடாது என்று சொல்ல நீ யார் என்று கேட்டுத்தான் இந்தப் புனைபெயராம். ஆளைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 9, சனி

சாப்பிடும்போது அண்ணனோடு சண்டை. பூட்டு கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன், கம்பெனியை ஒரு சொல் சொன்னால் தன் மாமியாரைச் சொன்னது மாதிரி பதறுகிறான். பிடிக்காதவங்க பழைய சாவியே வெச்சுக்கட்டுமே, யார் கையைப் பிடிச்சு வாங்கச் சொன்னது என்கிறான். சோறு போடுகிற கம்பெனி, வாஸ்தவம்தான். அதற்காக மூளையையுமா அடகு வைப்பது? விடவில்லை நான். மூணாவது ஸ்க்ரூ எழுதியதை அவன் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டினேன்.

"நல்லாவா எழுதுறான்?" என்று கேட்டான்.

"உன்னைவிட மூளை இருக்கு."

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். அண்ணி, சாப்பாட்டு நேரத்தில் பூட்டைப் பேசினால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்றாள்.

மார்ச் 18, திங்கள்

இன்று கூட்டத்தில் நானே ஒரு யோசனை சொன்னேன். வாசகர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் எங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பொத்தான் — 'பதில் தேவை'. நியாயமான புகார் என்று எங்களுக்குப் பட்டால் அதை அழுத்துவோம். அது நேரே கம்பெனிக்குப் போகும். அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் "பார்க்கலாம்" என்றார். எதற்கும் அதுதான் சொல்வார். அவருக்குப் பெயரே அதுதான் எங்களுக்குள். எழுதியவர் விவரம் ஏதும் போகாதே என்று கேட்டேன். "புனைபெயர்ல தானே எழுதுறாங்க, வேற என்ன போகப் போகுது" என்றார்.

மார்ச் 19

பார்க்கலாம், பார்த்துவிட்டார்! அடுத்த வாரமே பொத்தான் வருகிறது. முதல் ஆளாகச் சேர்ந்திருப்பது பூட்டு கம்பெனி.

மார்ச் 28, வியாழன்

பூட்டு திறக்காமல் வெளியே மாட்டிக்கொண்டு கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா போன வாரம் எழுதியிருந்தார். அழுத்தினேன். மறுநாளே ஆள் வந்து பூட்டை மாற்றிக் கொடுத்தார்களாம். நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என் வேலையால் ஒரு கதவு திறந்திருக்கிறது.

அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அவன் பொத்தானைப் பற்றி ஏதோ கேட்க வந்தான். அதற்குள் போன் வந்துவிட்டது, எழுந்து போனான்.

ஏப்ரல் 6, சனி

சட்டம் வந்துவிட்டது. அடுத்த மாதத்துக்குள் பூட்டு மாட்ட வேண்டும் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமாம். அனுமதி பெற்றவை மூன்று. ஒன்று இந்தப் பூட்டு கம்பெனியுடையது, மற்ற இரண்டும் அவர்களே வேறு பெயரில் விற்பது. 'பிடிக்கவில்லை என்றால் வாங்காதே' கோஷ்டி இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மூணாவது ஸ்க்ரூ எழுதியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

'பழைய மாடல் மின்னணுப் பூட்டுகள் மெதுவாகத் திறப்பது பழசானதால் அல்ல. புது மென்பொருளில் ஒரு காத்திருப்பைச் சேர்த்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நின்றால் ஒருவர் சலித்துப்போய்ப் புதுசு வாங்குவார், ஆனால் புகார் கொடுக்க மாட்டார் என்று அளந்து பார்த்துச் சேர்த்தது. மழையில் நிற்பவரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.'

உள்ளே இருந்தவர் எழுதியது இது. ஓய்வு பெற்ற யாராவதாக இருக்கும். சட்டத் தொடக்க விழாவில் மந்திரி பக்கத்தில் நின்று நாடா வெட்டிய கம்பெனி இதற்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு. இதற்குப் பதில் தேவை இல்லையென்றால் வேறெதற்குத் தேவை?

அழுத்தினேன்.

ஏப்ரல் 10, புதன்

என்னவோ சரியில்லை. கருத்துப் பகுதி இப்படி அமைதியாக இருந்து பார்த்ததில்லை. 'கொதிக்கும் கெட்டில்' என்று ஒருவர், பிறந்ததிலிருந்தே யாருக்கும் நன்றி சொல்லியிருக்க மாட்டார். இன்று எழுதியிருக்கிறார்: 'எனக்குப் பதில் கிடைத்தது. நன்றி.' அவ்வளவுதான். கீழே இன்னொருவர், அச்சு அசலாக அதே வரி. அதற்குக் கீழே இன்னொருவர். எல்லாருமே நான் பொத்தானை அழுத்தி அனுப்பினவர்கள்.

என்ன பதில் என்று கேட்டு எழுதினேன். யாரும் வாய் திறக்கவில்லை. மூணாவது ஸ்க்ரூவிடமிருந்து நான்கு நாட்களாக ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் பிரிவில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். பாதுகாப்புக்காம். பூட்டு விற்கிறவங்களுக்கே பாதுகாப்பு இல்லை பாரு என்று சிரித்தான். சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுதி முடித்துவிட வேண்டும்.

எங்கள் கணினிப் பிரிவுக்காரரிடம் — ஒல்லியாக இருப்பதால் வயர் என்போம் — பொத்தானை அழுத்தினால் என்னவெல்லாம் போகிறது என்று இன்றுதான் கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை? வாசகர் பதிவு செய்த மின்னஞ்சல், போன் எண், எங்கிருந்து எழுதினார், எல்லாம் போகிறது. "நீங்கதானே பதில் வேணும்னீங்க? ஆள் யாருன்னு தெரியாம எப்படிப் பதில் அனுப்புவாங்க?" வயர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்னதை அவர் செய்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூணாவது ஸ்க்ரூவுக்குக் கருத்துப் பகுதியின் முகவரியிலிருந்து எழுதினேன். 'உங்கள் விவரங்கள் கம்பெனிக்குப் போய்விட்டன. இனி எழுதாதீர்கள், ஜாக்கிரதை.' அனுப்பினேன்.

சமையலறையில் அண்ணன் போன் டிங் என்றது.

தற்செயல் என்று நினைத்தேன். நினைக்கப் பார்த்தேன். அவன் கையில் போனோடு என் அறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்துப்போய்.

"நான்தான் அது" என்றான்.

கட்டிலில் உட்கார்ந்தான். கம்பெனிக்கு எதிராக வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது, நாலு பேர் காதில் விழும் என்றுதான் எங்களிடமும் நடித்தானாம். அந்தக் காத்திருப்பை அளந்து கொடுத்ததே அவன்தானாம். வேண்டாம் என்று மேலே சொல்லிப் பார்த்திருக்கிறான், கேட்கவில்லை. அப்புறம் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அங்க நீ இருக்கேங்கற தைரியத்துலதான்டி எழுதினேன்."

தன் விவரத்தைக் கம்பெனிக்கு யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டான். பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்றேன்! வாய் கூசவில்லையே எனக்கு.

ஏப்ரல் 16

அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கம்பெனி ரகசியத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதினால் வழக்கு, சிறை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டிருக்கிறார்கள். பூட்டுத் தொழிலில் வேறெங்கும் வேலை பார்க்கவும் கூடாது. அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில்.

எங்கள் தளத்தில் செய்தி வந்தது. ஊழியர் ஒருவர் நீக்கம், இரண்டு பத்தி. மழையையும் காத்திருப்பையும் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஏன் என்று பார்க்கலாமிடம் கேட்டேன். அது தனிமனித விவகாரமாம். கீழே கருத்துகள் குவிந்தன. சம்பளத்தை வாங்கிக்கொண்டே குழி பறித்தவனாம், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவனாம். கெட்ட வார்த்தை இல்லை, விதிப்படி தடுக்க வழியில்லை. ஒவ்வொன்றாகப் படித்து நானே போட்டேன்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் கேட்கவில்லை. "இப்போ உன் சம்பளம் மட்டும்தான் வருது" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 24

பொத்தானை எடுத்துவிட்டார்கள். மனசுக்குள் ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் பார்க்கலாம் விளக்கினார். இனி அழுத்தவே வேண்டாமாம். நாங்கள் போடுகிற ஒவ்வொரு கருத்தும், எழுதியவர் விவரத்தோடு, தானாகவே கம்பெனிகளுக்குப் போய்விடும். "உங்க யோசனைதான்மா, நல்லா வளர்ந்துடுச்சு" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். கை தட்டினார்கள்.

ஏப்ரல் 27, சனி

நான் வீடு வருவதற்குள் கதவில் புதுப் பூட்டு. வேறெது, அதே கம்பெனிதான்.

அண்ணிக்கு ஒரே சந்தோஷம். பூட்டுக்கு என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தவள் பாவம். சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "காசே வாங்கலை. மாட்டினவர் சொன்னாரு, மேடம் நிறைய பேரை எங்களுக்கு அனுப்பி வெச்சாங்க, அதுக்குக் கம்பெனி குடுக்கற அன்பளிப்புன்னு. யாரை அனுப்பி வெச்சே நீ?"

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அலமாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மூன்றாவது ஸ்க்ரூவை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

அண்ணி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

ஏப்ரல் 29

கதவைத் திறக்க அண்ணன் போன் எண்ணைப் போட்டால் பூட்டு ஏற்கவில்லை. அவன் பெயரில் தடை இருக்கிறதாம். வெளியே போய்விட்டு வந்தால் தட்டுகிறான், நானோ அண்ணியோ போய்த் திறக்கிறோம். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான்.

மே 12, ஞாயிறு

இந்த வாரம் ஞாயிறு முறை என்னுடையது. வீட்டிலிருந்தே பார்க்கிறேன்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். போட்டால்தானே கம்பெனிக்குப் போகும்? கம்பெனியைக் குறை சொல்கிற கருத்து எது வந்தாலும் போடாமல் உடனே அழித்துவிடுகிறேன். எழுதியவருக்கு ஆபத்தில்லை. ஏன் அழித்தாய், எவ்வளவு வாங்கினாய் என்று திட்டி எழுதுகிறார்கள். அதையும் அழிக்கிறேன். யார் வீட்டிலும் இன்னொருத்தர் இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. இப்போது பகுதியில் பாராட்டைத் தவிர ஒன்றும் இல்லை. நாட்டிலேயே நாகரிகமான வாசகர்கள் எங்களுடையவர்கள் என்று பூட்டு கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறதாம், பார்க்கலாம் சொன்னார்.

சாயங்காலம் 'புது வாசகன்' என்று ஒரு கருத்து வந்தது. காத்திருப்பைப் பற்றி, எல்லாவற்றையும், தேதியோடு, யார் உத்தரவு என்பதோடு எழுதியிருந்தது. மழையில் நிற்பவரைப் பற்றியும். கடைசியில் இப்படி: 'இதைப் படிக்கிற ஊர்வம்புக்கு. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. போட்டுவிடு.'

அந்தப் பெயரைச் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

போட்டால் சிறை. அழித்தேன்.

மறுபடி வந்தது, ஒரு எழுத்து மாறாமல். அழித்தேன்.

மூன்றாவது தடவை 'போட்டுவிடு' என்று மட்டும் வந்தது. அதையும் அழித்தேன். பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.