வந்ததற்கு வைத்த கைரேகை

இன்று காலை பென்ஷன் படிவத்தோடு ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கைரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்தேன். அந்த ஊதா மையின் வாடை மூக்கில் ஏறியதும் பெட்டியை மூடிவிட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அந்த மை எனக்கு இன்னும் ஆகவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு நீ முதலில் வந்தது ரேஷன் கார்டு மனுவுக்காக. மேலே மலையில் உங்கள் பளியர் குடியிலிருந்து விடியலில் இறங்கி, லோடு ஜீப்பில் தொற்றி வந்திருந்தாய். நான் பழக்க தோஷத்தில் ‘கண்ணீரும் கம்பலையுமாக வேண்டுகிறேன்’ என்று தட்டிப் படித்துக் காட்டினேன். யார் அழுதது என்று கேட்டாய். அந்த வரியை எடுத்த பிறகுதான் மனுவைக் கையில் வாங்கினாய். அதற்குப் பிறகு மலையிலிருந்து எந்த மனு இறங்கினாலும் என் கடைக்குத்தான் வந்தது. உன் வாய்க்குப் பயந்து எழுதுவதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தப் பழக்கத்தால்தான் காட்டிலாகா அதிகாரிகள் மேலே கூட்டம் போட்டபோது எழுத்து வேலைக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். டீ, பன், ஆளுக்கொரு கம்பளி எல்லாம் கொடுத்தார்கள். காட்டைப் பாதுகாப்பது பற்றி ஏதோ பேசினார்கள். முடிவில் வந்தவர்கள் பெயர் மட்டும் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கைரேகை கேட்டார்கள். நீ கையை மடக்கிக்கொண்டாய். தேனெடுக்கப் போனவர்கள் திரும்ப நாலு நாள் ஆகும், ஆளெல்லாம் வந்து உட்காராமல் உங்கள் குடியில் எந்தப் பேச்சும் முடியாது என்றாய். மழை கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு வீடு திரும்பும் அவசரம்.

“வந்ததுக்கு அடையாளந்தான், வையி. வெரசா எறங்கணும்” என்றேன்.

நான் சொன்னதால் நீ வைத்தாய். நீ வைத்ததால் எல்லாரும் வைத்தார்கள். மறுமாதம் நகலெடுக்க என் கடைக்கு வந்தபோது அந்தத் தாளுக்கு மேலே இன்னொரு தாள் சேர்ந்திருந்தது. மலையை விட்டு இறங்கி, தேவாரத்துப் பக்கம் அடிவாரத்தில் கட்டும் காலனிக்குக் குடிபோக எல்லாருக்கும் முழுச் சம்மதம் என்று அதில் இருந்தது. பதறிப்போய் உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்கு உதவ மதுரையிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட ஒரு பிரகடனத்தை எடுத்து வந்திருந்தார். பழங்குடிகளை அவர்கள் நிலத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கி, அவர்களாக மனமொப்பிச் சம்மதித்தால்தான் இடம் மாற்றலாம். நம் நாடும் அதற்குக் கை தூக்கியிருக்கிறது. அதை நான் நம் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்ல உன் முகம் மலர்ந்தது.

“அம்புட்டுத் தூரத்துல இருக்கவுகளுக்கு, தேனுக்குப் போனவுக வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு யக்கா?”

வக்கீலம்மா சிரிக்கவில்லை. பிரகடனம் வந்து ஜீப்பை மறிக்காது, கேள்வி கேட்கத்தான் வைக்கும் என்றார். பழங்குடிகளின் உரிமையைக் கவனிப்பதற்கென்றே உலக நாடுகளின் சபை ஒருவரை வைத்திருக்கிறதாம். அவர் அரசுக்கு எழுதி விளக்கம் கேட்பாராம். ஆனால் அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்று கூட்டத்தில் இருந்த வெளியாள் ஒருவர் எழுதித் தர வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள்.

என் வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவர். அதே அதிகாரிகளின் செக்போஸ்டைத் தினமும் தாண்ட வேண்டும். உன் சோலியைப் பார் என்றார். நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பயம்தான், வேறென்ன.

இப்போது என் வாக்குமூலம் அந்தச் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கைரேகை வைக்கச் சொன்னது நான்தான் என்பதையும் எழுதியிருக்கிறேன். விளக்கம் கேட்டு அரசுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். பதில் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அடிவாரத்தில் காலனி வீடுகளுக்குத் தகரம் வேய்கிறார்கள். இரண்டு மூன்று ஜீப்பு சேர்ந்து மலைப்பக்கம் திரும்பினால், உங்கள் ஆட்களை இறக்கத்தானோ என்று போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன். வீட்டுக்காரர் வரத் தாமதமானால் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடைமழையில் உனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அன்று உன் கை அனலாகக் கொதித்தது. “யக்கா, எழுதிட்டியா?” என்று கேட்டாய். எழுதி அனுப்பிவிட்டேன் என்றேன். “அப்ப நாங்க எறங்க வேண்டியதில்ல” என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

அன்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. உன்னை மலையில் அடக்கம் செய்துவிட்டு இறங்கிய பிறகுதான் எழுதினேன். நீ என்னை நம்பிய இரண்டு முறையும் நான் சொன்னது பொய். முதலாவது எனக்கே தெரியாத பொய். இரண்டாவது தெரிந்தே சொன்னது. அதைக் கேட்டு நீ சொன்னதாவது மெய்யாகிவிட வேண்டுமே என்ற பதைப்போடுதான் தினமும் கடையைத் திறக்கிறேன்.