டொக்டர் என்று நான் எழுதிய அட்டை

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் இருபது நாளாகிறது. முப்பத்தோராம் நாளுக்கு வருபவர்களுக்கு உங்கள் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை அம்மா அச்சுக்குக் கொடுக்கப் போகிறார். நீங்கள் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிய என் லத்தீன் அட்டைதான் முதல் பக்கத்தில் வரவேண்டுமாம். "அவருக்கு உந்த அட்டை எண்டா உயிர்" என்கிறார்.

அதை எழுதியபோது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் ரோமர் விழா. பிள்ளைகள் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு செனட்டர்களாகத் திரிந்தார்கள். லத்தீன் டீச்சர் ஒரு ரோமக் கல்லறைக் கல்லின் படத்தைக் காட்டினார். ஓர் இறைச்சிக்கடைக்காரர், கையில் கத்தி, முன்னால் கட்டை. தொழிலை ஒளிக்காமல் செதுக்கியிருக்கிறார்கள், நீங்களும் வீட்டில் ஒருவரைப் பற்றி இப்படி லத்தீனில் ஓர் அட்டை எழுதுங்கள் என்றார்.

நீங்கள் லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு கடையில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் நான் எழுதினேன்: 'இவர் என் தந்தை, மருத்துவர்.' பக்கத்து மேசைக்காரியின் தகப்பன் டொக்டர். அவ்வளவுதான் காரணம். வேறு நியாயம் தேடிப் பார்த்தேன், இல்லை.

பெற்றோர் வந்த அன்று நீங்கள் வெள்ளை ஷேர்ட் போட்டு வந்து அட்டைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தீர்கள். திரும்பும்போது காரில் கேட்டீர்கள்.

"என்னைப் பற்றி என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"நல்ல அப்பா எண்டு."

இப்போது நானும் லத்தீன் டீச்சர். வருடா வருடம் ரோமர் விழாவில் அதே படத்தைக் காட்டி, தொழிலை ஒளிக்காத மனிதர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறேன். என் வாய் கூசவேண்டாமா?

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது அவருக்குத் தெரியும். அண்டைக்குப் பள்ளியிலயே டீச்சர் 'ஹலோ டொக்டர்' எண்டு கை குடுத்தவவாம். நீ வெட்கப்படுவாய் எண்டு, தாங்க் யூ சொல்லிப்போட்டுப் பேசாமல் நிண்டவராம்."

"அப்ப ஏனம்மா மாட்டினவர்?"

"நீ எழுதினதெல்லோ."

தெரிந்துகொண்டுதான் காரில் கேட்டீர்களா? நான் உண்மையைச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அந்தப் பொய்க்குக் கீழே இருந்து எத்தனை வருடம் தேத்தண்ணி குடித்தீர்கள், அப்பா?

முதல் பக்கத்துக்குப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். மேலே லத்தீன், கீழே தமிழ்: 'இவர் இறைச்சி வெட்டிப் பிழைத்தவர். தன் மகளை ஒருநாளும் தலைகுனிய விடாதவர்.' முப்பத்தோராம் நாள் எல்லோருக்கும் முன்னால் நானே எழும்பி இதை வாசிப்பேன். பழைய அட்டையில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
இறைச்சி வெட்டியவரின் மகள்