அப்பாவிடம் டாக்டர் கேட்ட கேள்வி

மார்ச் 4

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அக்கா வீட்டில் நீயும் பாப்பாவும் சுகம்தானே? நான் எப்போது போன் செய்தாலும் உன் அக்காதான் எடுத்து, "அவ குளிக்கிறா தம்பி" என்கிறார். ஒரு மனுஷி நாள் முழுக்கவா குளிப்பாள்? அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பா எடை கூடினாளா? டெப்போவில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். "குறைமாசத்துல பொறந்தா என்னண்ணே, தேறிடும்" என்று என் கண்டக்டர் தைரியம் சொன்னான். அம்மா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, வயதானவள். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. எப்போது வருகிறாய்?

உன் டிரைவர்

மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவின் எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் இரண்டு வாய் பால் உறிஞ்சுவதற்குள் களைத்துத் தூங்கிவிடுகிறாள். காதை வருடி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நாள் பூரா பள்ளிக்கூடத்துல கால் கடுக்க நின்னா, புள்ள இப்படித்தான் சுண்டைக்காயாட்டம் பொறக்கும்" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று டாக்டர் அறையில் நடந்ததை என்ன செய்வது? அந்த டாக்டரம்மா என்னிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "குழந்தை உண்டாகறதுக்கு முன்னாடி உங்க உடம்பு எப்படி இருந்துச்சு? சுகர், சிகரெட் ஏதாவது?" அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனா புள்ள பெத்தான்?" டாக்டர் சிரிக்கவில்லை. "கரு உருவாகறதுல பாதி அப்பாதானேம்மா. நஞ்சுக்கொடி நல்லா வளர்றது, குழந்தையோட எடை, எல்லாத்துலயும் அவர் உடம்புக்கும் பங்கு உண்டு" என்றார்.

நீங்கள், "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணமான வருஷமே உங்களுக்குச் சுகர் என்று தெரியும். "முதல்ல மாத்திரையை ஒழுங்கா போடுங்க, சிகரெட்டை விடுங்க, அப்புறம் குழந்தை" என்று எத்தனை முறை கெஞ்சினேன்! "வண்டி ஓடுதுல்ல, விடு" என்பீர்கள்.

பாப்பாவின் அம்மா

மார்ச் 15

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை டெப்போ ஓய்வறையில் படித்தேன். அதன்பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அம்மா முன்னால் நோயாளியாகத் தெரிய எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்காக உன்னைப் பலி கொடுத்தேன்.

நேற்று தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். என் சுகரையும் அம்மா உன்னைப் பேசியதையும் சொல்லிவிட்டு, "என்னாலதானா?" என்று கேட்டேன். "உங்களாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதுக்குப் பல காரணம் இருக்கும். ஆனா அந்தப் பொண்ணு நின்னதாலதான்னு யார் சொன்னது?" என்றார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். சிகரெட்தான் பாடாய்ப் படுத்துகிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். "நான் அவளை அத்தனை பேச்சு பேசறப்ப நீ பக்கத்துலதானேடா உக்காந்திருந்தே?" என்றாள். அதோடு அவள் என்னிடம் பேசவில்லை. இன்று காலை பையை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பினாள். அங்கே வந்தாளா?

உன் டிரைவர்

மார்ச் 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

அத்தை இங்கேதான் இருக்கிறார், கவலை வேண்டாம். அக்கா எவ்வளவு கூப்பிட்டும் வாசலைத் தாண்டி வரவில்லை. "உன் முகத்துல முழிக்க வெக்கமா இருக்கும்மா. பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். நான் பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இப்போது நான் தடுத்தாலும் கேட்காமல் பாப்பாவின் துணிகளைத் துவைத்துக் காயப்போடுகிறார்.

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. தெரியாமல் பேசியவர் அவர். நீங்களோ எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதை அவ்வளவு சுலபமாக என்னால் கழுவிவிட முடியவில்லை.

மாத்திரையை விடாதீர்கள். எனக்காக வேண்டாம், உங்கள் உடம்புக்காக.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எங்களைக் கூட்டிப்போக வேண்டாம், பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவளுக்கு அப்பா வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். இன்னும் எனக்கே தெரியவில்லை.

பாப்பாவின் அம்மா