மாமா சிரித்த படம்

அன்புள்ள கீர்த்தனா,

போனில் உன்னோடு பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நீயும் என் பிள்ளை விக்னேஷும் எரியோட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்றபடியே ஒரு பென்டிரைவை நீட்டினாய். "மாமாவுக்குத் திருடன் படம்னா உசுருன்னு இவரு சொன்னாரு அத்தை. இதுல நல்லா சிரிக்கலாம்" என்றாய். நான் வாங்கி அலமாரியில் போட்டுவிட்டேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து ஐந்து மாதமாக உன் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று மத்தியானம் கேபிள் வராததால் அதை எடுத்து டிவியில் சொருகினேன். படத்தில் லண்டன் ரவுடிகள் நாலு பேர். அவர்களுடைய இங்கிலீஷ் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டும் சூட்டுமாக நகைக்கடைக்குச் சுரங்கம் தோண்டினார்கள். மேலே தலையை நீட்டினால், அது ஒரு போலீஸ்காரர் வீட்டுக் கல்யாண விருந்து!

"ஏலே, ஓடுங்கடா!" என்று ஒரு சத்தம்.

திரும்பினால், உன் மாமா.

"என்னாங்க சொன்னீங்க?" என்றேன்.

"போலீசுடி!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் மறுபடியும் போடச் சொன்னார். "யாரு குடுத்தா?" என்று திக்கித் திக்கிக் கேட்டார்.

"நம்ம மருமக" என்றேன். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

நன்றி என்று எழுதினால் போதாது, தாயி. பொங்கலுக்கு இருவரும் வந்து நாலு நாள் தங்குங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உனக்கு எந்த வெஞ்சனம் பிடிக்கும் என்று எழுது. இத்தனை நாளாக நான் கேட்டதே இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தை